மறு: ‘பெர்சனாலிட்டி கல்ட்’ – ‘தனிநபர் வழிபாடு’ போதுமா?

அன்புடையீர்,

ஒரு தலைவரைக் குறையற்ற புனிதராக உயர்த்திப் போற்றும் அரசியல் நிகழ்வைக் குறிக்கும் ‘பெர்சனாலிட்டி கல்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் ‘தனிநபர் வழிபாடு’ என்ற பழகிய சொல்லே போதும் என்று இவ்விழையில் பலரும் கருதுகிறீர்கள். இடதுசாரி ஏடுகளில் வேரூன்றிய சொல் அது. 1956 பிப்ரவரி 25 அன்று சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 20ஆம் பேராயத்தில் அதன் தலைவர் குருச்சேவ், மறைந்த முன்னாள் தலைவர் ஸ்டாலினுக்கு நடந்த புகழ்பாடலைக் கண்டித்து ஆற்றிய உரையைக் குறிக்கும்போது அதையே ஆள வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆயினும் அரசியல் ஆய்வுக்குரிய கலைச்சொல்லாக அது பொருளின் பாதியைத்தான் சொல்கிறது.

‘வழிபாடு’ என்றால் வழிபடுகிறவரே வினைமுதல் ஆகிவிடுகிறார். நாம் பேசும் நிகழ்விலோ கட்சி, அச்சகம், தணிக்கை, பள்ளிக்கூடம், காவல்துறை எல்லாம் சேர்ந்து ஒருவருக்குப் புனித உருவத்தை ஆக்கித் தருகின்றன. அந்த உரையிலேயே இதற்கு வலுவான சான்று உண்டு. 1948இல் வெளிவந்த தம் சுருக்க வாழ்க்கை வரலாற்று நூலின் வரைவுப் படியை ஸ்டாலின் தாமே திருத்தினார், புகழ் போதாதென்று பட்ட இடங்களில் மேலும் சேர்த்தார், தற்பெருமையின் சாயல்கூடத் தம் பணியில் படிய அவர் விட்டதில்லை என்னும் வரியையும் அவரே எழுதிச் சேர்த்தார் என்று குருச்சேவ் அங்கே குற்றஞ்சாட்டினார். புகழ்ந்தவரும் புகழப்பட்டவரும் ஒருவரேயாகும் இடத்தில் ‘வழிபாடு’ பொருந்தவில்லை.

பக்தியே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1968 ஆகஸ்டில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் அளித்த மாம்பழங்களைச் சீனத் தலைவர் மாவோ, பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் இருந்த தொழிலாளர் குழுக்களுக்கு அனுப்பிவைத்தார். அவை அங்கிருந்து ஆலைகளுக்குச் சென்றன. ஓர் ஆலையில் பழம் அழுகத் தொடங்கியதும் அதைத் தோலுரித்து, பெரிய பாத்திரத்து நீரில் வேகவைத்து, தொழிலாளர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி அருந்தினார்கள். அவர்களுள் பலர் மனமார நெகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அந்த நெகிழ்ச்சிக்குக் களம் அமைத்து, கண்ணாடிப் பெட்டியில் மெழுகு மாம்பழம் வைத்து, அதை மதிக்காதவரை எதிர்ப்புரட்சியாளர் ஆக்கக்கூடிய சூழலை உண்டாக்கியது அரசியல் அதிகாரம். வட கொரியாவில் வீட்டுச் சுவரில் தலைவர் படத்தை மாட்டித் தூசி படியாமல் காப்பது கட்டாயக் கடமை. 1994இல் இறந்த அந்நாட்டின் முதல் தலைவர் கிம் இல் சுங்கை 1998இல் அரசமைப்புச் சட்டமே ‘நிரந்தரக் குடியரசுத் தலைவர்’ என்றது.

‘தனிநபர்’ என்ற முன்னொட்டும் இடறுகிறது. தனிநபர் கடன், தனிநபர் வருமானம் என்று சாதாரண குடிமகனுக்கு வழங்கும் சொல் அது. நண்பர் ஒருவர் முன்வைத்த ‘ஆளுமை வழிபாடு’ அதைவிடச் சிக்கலானது. ‘ஆளுமை’ இன்று பாராட்டுச் சொல்லாகவே புழங்குகிறது.

எனவே ‘தலைவர் திருவுருவாக்கம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘ஆக்கம்’ என்பதால் ஆக்குகிறவர் யார் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே எழுகிறது; மக்கள் பக்கத்துச் செயலுக்கு ‘தலைவர் வழிபாடு’ என்பதைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ‘திருவுரு’ சமயச் சொல் ஆயிற்றே என்று தயங்குவோருக்கு, ‘கல்ட்’ என்பதன் இலத்தீன் மூலமும் தெய்வ வழிபாட்டைக் குறித்ததே என்பதை நினைவூட்டுகிறேன்.

எதிர்ச்செயலுக்கும் ஒரு சொல் வேண்டும். 1961இல் ஸ்டாலின் உடல் மாஸ்கோ நினைவு மண்டபத்திலிருந்து அகற்றப்பட்டதும், ஸ்டாலின்கிராத் நகரின் பெயர் வோல்கோகிராத் ஆனதும் அவ்வகை. ‘திருவுருக் கலைப்பு’, ‘திருவுரு நீக்கம்’ ஆகிய இரண்டில் எது பொருந்தும் என்று உறுப்பினர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.