மிதவை மேடை சாய்கிறது, யோசனை சொல்லுங்கள்
நண்பர்களே, மேலூர்ப் பக்கம் எங்கள் பண்ணைக்குட்டையில் டீசல் எஞ்சின் வைக்க 6 பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டி மிதவை செய்தேன். 200 லிட்டர் டிரம் முழுக்க அமிழ்ந்தால் ஏறக்குறைய 200 கிலோ தாங்கும். எஞ்சினும் பலகையும் சேர்ந்தே 400 கிலோதான். ஆகவே எடை சிக்கலில்லை. ஆனால் டீசல் ஊற்ற நான் ஓரத்தில் கால் வைத்ததும் அந்தப் பக்கம் அமிழ்ந்து, மறுபக்கம் தூக்குகிறது. நேற்று புனல் தண்ணீரில் போயிற்று. நான் போகாதது மாரியம்மன் புண்ணியம்.

டிரம்களை நெருக்கிக் கட்டியதுதான் தவறோ? வெளியே தள்ளி அகலப்படுத்தினால் போதுமா, எஞ்சினையும் தாழ்வாக இறக்க வேண்டுமா? ஒரு டிரம்முக்குள் தண்ணீர் வேறு புகுந்து சளக் சளக்கென்று ஆடுகிறது, அதை மாற்றிவிடுவேன். தைத் தெப்பத்தன்று வண்டியூர்த் தெப்பக்குளத்தில் அவ்வளவு உயரத் தெப்பம் சாயாமல் சுற்றி வருகிறதே, அப்படித் தெப்பம் கட்டிப் பழகியவர்கள் யாரேனும் இங்கே இருக்கிறீர்களா?