புதுப்பிப்பு: பிளிட்ஸருக்கு கார்டு (Guard) திறனே எடுத்தேன்

பிளட் பௌல் என்ற, அமெரிக்கக் கால்பந்து போன்ற கற்பனை உலகப் பலகை விளையாட்டின் 2020 பதிப்பில், என் மனிதர் அணியின் பிளிட்ஸரிடம் (முன்னின்று மோதும் வீரன்) புதிய திறன் பெற உதவும் 6 நட்சத்திரப் புள்ளிகள் இருந்தன. அவற்றைக் கொண்டு கார்டு எடுப்பதா, மைட்டி ப்ளோ (Mighty Blow, பலத்த அடி) எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். கார்டுதான் எடுத்தேன், இரண்டு ஆட்டம் முடிந்தது.

மைட்டி ப்ளோ எதிராளி விழுந்தால்தான், அவனைக் காயப்படுத்த உதவும். கார்டு அப்படியில்லை. பக்கத்தில் எதிரிகள் சூழ்ந்து நின்றாலும் பிளிட்ஸர் சக வீரர்களுக்குத் துணைபலம் தருகிறான், அவர்கள் அடிக்கும்போதும் அடி வாங்கும்போதும். ஒரு பகடை மட்டும் உருட்டிய மோதல்களில் இரண்டு உருட்டி, சாதகமானதை எடுக்க முடிந்தது. நடுக்களமே மாறிவிட்டது, அவ்வளவு மகிழ்ச்சி!

லைன்மேனுக்கு (சாதாரண வீரன்) மட்டும், 3 புள்ளியில் ஏதோ ஒரு திறன் தற்செயலாகக் கிடைக்கும் குலுக்கல் முறை வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவனுக்கு பிளாக் (Block) திறன் கட்டாயம் வேண்டும். அது இருந்தால், மோதல் பகடையில் இருவரும் விழும் முகம் வந்தாலும் நின்றுகொள்வான். திறனை நானே தேர்ந்தெடுக்க 6 புள்ளி சேரும்வரை பொறுக்கிறேன்.

அப்புறம், அடுத்த பிளிட்ஸருக்கு மைட்டி ப்ளோ.