எஸ்.எம்.ஏ. குழந்தைக்கு அரசு உதவி: பதிவு செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரி பக்கத்துக் குழந்தை ஒன்றுக்கு முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய் (எஸ்.எம்.ஏ.). அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இன்படி 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பணம் குடும்பத்தின் கைக்கு வராது, பதிவு செய்த சிறப்பு மையத்துக்கே போகும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையா, பெங்களூரா, எங்கே பதிவு செய்வது நல்லது?

இந்த நோய்க்கான எஸ்.எம்.என்.1 மரபணுவின் அறிக்கை இருக்கிறது, எஸ்.எம்.என்.2 மரபணுப் பிரதிகளின் எண்ணிக்கை அதில் இல்லை. எம்.எல்.பி.ஏ. என்ற மரபணுச் சோதனையில் இரண்டும் தெரியும். மறுபடி எடுத்துவிட்டே போகலாமா? இந்த நோய்க்குத் தினமும் வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் மருந்துக் கரைசலை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து 64 நாளுக்குள் முடிக்க வேண்டும். மலைக்கு எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? முக்கியமாக, 50 லட்சம் தீர்ந்தபின் யாரிடம் கேட்டீர்கள்? தினசரி மருந்துக்கு ஒருமுறை உச்சவரம்பு வைத்தது பெரிய ஓட்டை. இந்த நோயில் அழிந்த நரம்பணு திரும்பாது, அதனால் தாமதிக்க முடியாது. தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.