சிங்கப்பூர் நூலகம் ஒன்று புதுப்பிக்கப்பட்ட பின் உங்களுக்கு நேர்ந்த ஒன்றைப் பகிருங்கள்

ஜன்னலோர வாசகி:
எங்கள் பேட்டை நூலகம் மீண்டும் திறந்த முதல் சனிக்கிழமையே அப்பாவை அழைத்துச் சென்றேன். 81 வயதான அவர், பல ஆண்டுகளாக மாடிப்படி ஏறியதும் இடப்புறம் இருக்கும் ஜன்னலோர நாற்காலியில்தான் தமிழ் முரசு நாளிதழ் படிப்பார். அடுக்கடுக்கான கண்ணாடித் தகடுகள் கொண்ட ஜன்னல் அது. வெயில் முகத்தில் பட்டால், பக்கத்திலிருக்கும் இரும்புக் கைப்பிடியைச் சற்றுத் தாழ்த்தித் தகடுகளைச் சாய்த்துக்கொள்வார். அன்று மாடிக்குப் போனவர், கைப்பிடி இருந்த அதே உயரத்திற்குக் கையை நீட்டி, புதிதாக எழுப்பியிருந்த வழுவழுப்பான சுவரைத் தடவியபடி நின்றார். “இங்கதானம்மா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். அந்த இடம் இப்போது கலந்துரையாடல் அறையாகிவிட்டது. பணியாளர்கள் கனிவாகத்தான் பேசினார்கள். ஆனால் அதன் பிறகு நூலகத்துக்குப் போகலாம் என்று அப்பா ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

கதைசொல்லி:
ஜன்னலோர வாசகியின் அப்பாவை நினைத்து மனம் கனக்கிறது. ஆயினும் பழைய கட்டடத்தைப் பற்றி அனைவரும் ஏக்கத்துடனேயே பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகன் சக்கர நாற்காலியில் இருப்பவன். எங்கள் நூலகத்தில் சிறுவர் பகுதி மாடியில் இருந்தது, மின்தூக்கி கிடையாது. நான் அங்கே தொண்டூழியராகத் தமிழ்க் கதை சொல்லிய மூன்று ஆண்டுகளும் அவன் கீழ்த்தளத்தில் என் கணவரோடு காத்திருந்தான். புதுப்பித்த பிறகு முதன்முறையாக மின்தூக்கியில் வந்து, மற்ற பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்து நான் சொன்ன கதையைக் கேட்டான். கதை முடிந்ததும் அவன் கேட்ட கேள்வி, “அம்மா, எப்பவும் இப்படித்தான் குரலை மாத்திப் பேசுவீங்களா?” என்பதுதான். ஜன்னல் போய் மின்தூக்கி வந்ததென்றால், நான் மின்தூக்கியின் பக்கம் நிற்பேன்.

செங்கல் நினைவு:
இடிக்கப்படாமல் புதுப்பிக்கப்படுவதே பெரும் பேறு என்பதை இருவருக்கும் சொல்ல விரும்புகிறேன். 1960ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று ஸ்டாம்ஃபர்ட் சாலையில் திறக்கப்பட்ட செங்கல் கட்டடமான தேசிய நூலகத்தில்தான் நான் தேர்வுகளுக்குப் படித்தேன். தொழிலதிபர் லீ கோங் சியான் 375,000 வெள்ளி நன்கொடை அளித்தபோது, அது இலவசப் பொது நூலகமாக இருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நம் தமிழ் நூல்கள் அங்கே இருந்ததை நான் அந்தச் சொல்லோடு சேர்த்தே நினைக்கிறேன். ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காக அது 2004இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. மார்ச் 31, கடைசி நாள் மாலையில், வாசற்படியில் முன்பின் அறியாத ஒரு மூதாட்டி தம் உள்ளங்கையைச் செங்கல்லில் வைத்து, நெடுநேரம் எடுக்காமலே நின்றார். நுழைவாயிலின் இரண்டு செங்கல் தூண்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவ்வழியே போகும்போதெல்லாம் அந்தக் கையைத்தான் பார்க்கிறேன்.

கட்டட மேற்பார்வையாளர்:
என் அனுபவம் சிறியது. ஒரு பழைய பொதுக் கட்டடத்தின் புதுப்பிப்பில், நாங்கள் கழற்றி வைத்த கண்ணாடித் தகடுகளை மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியில் கண்டேன். இன்றும் மனம் ஆறவில்லை.

கதைசொல்லி, ஜன்னலா மின்தூக்கியா என்று நீங்கள் பிரித்தது சரியன்று. குளிரூட்டியை ஓடவிட்டால் தகடுகளின் இடுக்கு வழியாக ஈரக்காற்று உள்ளே வரும், புத்தகங்களில் பூசணம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் தகடுகளை அப்படியே விட்டு, உட்புறம் திறக்காத ஒற்றைக் கண்ணாடித் தடுப்பைப் பொருத்தினால் வெளிச்சமும் தோற்றமும் மிஞ்சும். அடுத்தது கான்கிரீட். கரியமில வாயு பல்லாண்டுகளாக உள்ளே ஊடுருவும்போது கான்கிரீட்டின் காரத்தன்மை குறைந்து, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைப் பெயர்த்துத் தள்ளும். அதைச் சோதிக்காமல் சாயம் பூசுவது வீண். மூன்றாவது, ஓசை. வெறும் கான்கிரீட் கூரையின் கீழ் கதை நேரத்தையும் படிப்பவர்களையும் ஒன்றாக வைத்தால் இருவருக்கும் துன்பம். ஆகவே சிறுவர் பகுதியைத் தரைத்தளத்தில் வாசலருகே வைத்து, அமைதி வேண்டுவோருக்கு மாடியை ஒதுக்கி, சிறுவர் பகுதியைச் சுற்றி அலமாரிகளைச் சுவர்போல நிறுத்த வேண்டும். புத்தகப் பாரத்தைத் தாங்கத் தளத்தின் எப்பகுதி கட்டப்பட்டதென்று பழைய வரைபடத்தைப் பார்க்காமல் அலமாரிகளை இடம் மாற்றவும் கூடாது. 1970இல் திறந்த குவீன்ஸ்டவுன் நூலகத்தின் முகப்பில் போ டை எனப்படும் கழுத்து முடிச்சு வடிவ அலங்காரத்தைப் பார்த்திருப்பீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருப்பதால் அது காக்கப்படுகிறது. உள்ளேயிருக்கும் ஒரு கைப்பிடிக்கு அப்படி யார் காவல்?

ஜன்னலோர வாசகி:
கதைசொல்லி, உங்கள் மகன் முன்வரிசையில் இருந்ததைப் படித்தபோது எனக்கும் மகிழ்ச்சிதான். மின்தூக்கி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுப்பிப்புக்கு முன் கருத்துக் கேட்டபோது என்ன புதிதாக வேண்டும் என்று கேட்டார்கள். எதை அசைக்கக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நேற்று நூலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். வார நாள்களின் காலையில் கலந்துரையாடல் அறையை யாரும் முன்பதிவு செய்வதில்லை, அப்பா உள்ளே அமர்ந்து படிக்கலாம் என்றார் அந்தப் பணியாளர். அப்பாவிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “உள்ள வெளிச்சம் வருதா?” என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்க்கிறோம்.