உடல்நல இலக்கு: எதை அளப்பது?

கேள்வி: வயது 42. எடையைக் குறைக்கும் இலக்கு எப்போதும் பாதியில் நின்றுவிடுகிறது. முதுமையிலும் உதவும்படி இலக்கை எப்படி வைப்பது?

பதில் 1: எடை விளைவுதான், அது முழுதாக உங்கள் கையில் இல்லை. உப்பு, தண்ணீர் காரணமாகவே ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். செயலை இலக்காக்குங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. அதாவது பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். பழக்கமில்லாதவர் தினம் 10 நிமிட நடையில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கொருமுறை 5 நிமிடம் கூட்டலாம். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் நடந்தால் குதிகால் வலி வந்து எல்லாம் நின்றுபோகும்.

பதில் 2: நடை மட்டும் போதாதுங்க. வயது ஏற ஏறத் தசை கரையும். வாரம் 2 நாள் தசைப் பயிற்சி கட்டாயம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது? மூன்று மாதத்துக்கொருமுறை குறித்து வையுங்கள்.

பதில் 3: ரத்த அழுத்தத்தையும் சேருங்கள். 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, 1 நிமிட இடைவெளியில் இருமுறை. காபி குடித்த அரை மணிக்குள் எடுத்தால் கூடுதலாகக் காட்டும். எச்.பி.ஏ.1.சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி. மாதாமாதம் எடுப்பது வீண்.