கணவர் பனியில் விழுந்துவிட்டார், வெள்ளிக்கிழமைக்குள் காப்பீட்டுப் படிவம்: அவசர ஆலோசனை தேவை

கட்டபெட்டு மருமகள்: எல்லோருக்கும் வணக்கம். போன வருடம்தான் கனடா வந்தோம். சனிக்கிழமை கணவர் வழுக்கி விழுந்து வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு மாதமாவது கையை அசைக்கக் கூடாதாம். அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் 'நீண்டகால இயலாமைக் காப்பீடு' (நோயாலோ காயத்தாலோ நெடுநாள் வேலை செய்ய முடியாமல் போனால் மாதப் பணம் தருவது) வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு கட்டம் இருக்கிறது. வேண்டும் என்றால் மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். இப்போது டிக் செய்தால் இந்தத் தோளுக்குப் பணம் வருமா? 1ஆம் தேதி வாடகை. மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை.

எல்க்ஹில் ஆள்: முதலில் இதைச் சொல்லுங்கள், காலில் என்ன போட்டிருந்தார்? தலைகுந்தாவில் உறைபனி பார்த்தவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நம் ஆட்கள் சாதாரண ஷூவோடு இறங்கிவிடுகிறார்கள். அங்கே புல்லில் படிவது வெயில் ஏறினால் போய்விடும். இங்கே பகலில் உருகியது இரவில் தார்ச்சாலையோடு சாலையாக உறைந்து கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. என் முதல் குளிர்காலத்தில் பஸ் நிறுத்தம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். அறையில் ஹீட்டர் வேறு வேலை செய்யவில்லை. வீட்டுக்காரர் போனையே எடுக்க மாட்டார்.

வெலிங்டன் பெரியவர்: அம்மா, சம்பளத்தில் பிடிக்க விடாதே. ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் போட்டு வை, அதுதான் காப்பீடு. மீதியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். சி.பி.பி. என்னும் கனடா ஓய்வூதியத் திட்டத்தில் இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது.

செண்பகனூர் அக்கா: அண்ணா, புதிதாக வந்த குடும்பத்திடம் ஆறு மாதச் செலவு எங்கே இருக்கும்? அந்த ஓய்வூதியத்துக்குக் கடைசி 6 ஆண்டுகளில் 4 ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும். போன வருடம் வந்தவருக்கு அது எட்டாக்கனி. அதோடு, உடல்நிலை கடுமையாகவும் நெடுங்காலம் நீடிப்பதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. முறிந்த தோளுக்குக் கொடுக்க மாட்டார்கள். மருத்துவக் காப்பீடு எலும்பைத் தான் ஒட்டவைக்கும், வாடகையையும் மளிகைக் கடனையும் யார் கட்டுவது? ஊரில் காருக்குக் காப்பீடு, உயிருக்குப் பாலிசி எல்லாம் போட்டுவிடுகிறோம். அவை எல்லாவற்றுக்கும் தவணை கட்டுகிற சம்பளத்துக்கு மட்டும் எதுவும் போடுவதில்லை.

கூடலூர் தம்பி: அக்கா சொல்வது உண்மை. என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, காய்ச்சலில் படுத்தால் டாக்டர் சீட்டைக் காட்டி நோய்க்காலப் படி வாங்க முடிந்தது. நான் இங்கே ஒப்பந்த முறையில் மென்பொருள் எழுதுகிறேன். படுத்தால் எனக்கு ஒரு காசு வராது. "கோட் போட்ட கூலிக்காரன்" என்று அம்மா சிரிக்கிறார்.

எல்க்ஹில் ஆள்: கொழுந்து பற்றிப் பேசியதும் நினைவு வந்தது. ஊரில் பசுந்தேயிலைக்குக் கட்டுபடியான விலை எப்போது வரும்? பறிகூலிக்கே கிடைக்கிற காசு சரியாகப் போகிறது.

வெலிங்டன் பெரியவர்: விலையை விடுங்கள், ஊருக்குள் நுழைவதே பெரும்பாடு. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். பிறந்த ஊருக்குக் கோவைப் பதிவெண் காரில் போனால் மலையடிவாரத்தில் கல்லாறில் நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

செண்பகனூர் அக்கா: கொடைக்கானலுக்கும் அதே கதைதான். விடுமுறை நாளில் வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் இரண்டு முறை சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.

ஜெகதளா: அந்தப் பெண் வாடகைக்கு வழி கேட்கிறார், நீங்கள் கல்லாறில் நிற்கிறீர்கள். தங்கையே, சில விவரங்கள் வேண்டும். எந்த மாகாணம்? விழுந்தது வேலையிடத்திலா, வெளியிலா? நிரந்தர வேலையா, ஒப்பந்தமா? சேர்ந்து எத்தனை நாள்? அதற்கு முன் வேறு வேலை பார்த்தாரா?

கட்டபெட்டு மருமகள்: மன்னியுங்கள் அண்ணா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஒன்டாரியோ. எங்கள் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில்தான் விழுந்தார். நிரந்தர வேலை, மென்பொருள் சோதனை. சேர்ந்து மூன்று மாதம் இப்போதுதான் முடிந்தது, அதனால்தான் படிவமே வந்தது. அதற்கு முன் இரண்டு மாதம் ஒரு கிடங்கில் முழுநேரமாகப் பெட்டி அடுக்கினார். அதுவும் கணக்கில் வருமா?

ஜெகதளா: அதுதான் உங்களைக் காப்பாற்றப் போகிறது. வேலையிடத்து விபத்து இல்லை என்பதால் தொழிலாளர் இழப்பீடு வராது. இ.ஐ. என்னும் அரசு வேலைவாய்ப்புக் காப்பீட்டின் நோய்க்காலப் பணம்தான் வழி. கடைசி 52 வாரங்களில் 600 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். இந்த வேலையில் மட்டும் ஏறக்குறைய 500 தேறும். கிடங்கு மணிநேரத்தையும் சேர்த்தால் தாண்டிவிடும். அந்த முதலாளி ஆர்.ஓ.இ. என்னும் வேலைப் பதிவை அனுப்பிவிட்டாரா என்று இன்றே கேளுங்கள். கடைசியாக வேலைக்குப் போன நாளிலிருந்து 4 வாரத்துக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். சம்பளத்தில் 55 சதவீதம் தருவார்கள், 2025இல் வாரத்துக்கு உச்சவரம்பு 695 டாலர், அதற்கும் வரி உண்டு. 26 வாரம் வரை கிடைக்கலாம், உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது.

இனி படிவம். வெள்ளிக்கிழமைக்குள் டிக் செய்து கொடுத்துவிடுங்கள். இந்தத் தோளுக்கு அதிலிருந்து பணம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான குழுக் காப்பீடுகளில், ஆள் வேலையில் இருக்கும் நாளில்தான் பாதுகாப்பு தொடங்கும். அவர் திரும்பிப் போகும் நாள்தான் உங்களுக்கு முதல் நாள். ஏற்கெனவே இருக்கும் காயத்துக்குச் சில காலம் விலக்கும் இருக்கும். ஆனால் கெடுவைத் தவறவிட்டுப் பிறகு சேரப் போனால் மருத்துவக் கேள்விகள் கேட்பார்கள், தோளைக் காட்டியே மறுக்கவும் கூடும்.

வெலிங்டன் பெரியவர்: அப்படியானால் பிரீமியத்தை முதலாளியே கட்டட்டுமே?

ஜெகதளா: முதலாளி கட்டினால், பிறகு கிடைக்கும் மாதப் பணத்துக்கு வரி உண்டு பெரியவரே. முழுவதையும் நாம் கட்டினால் வரி கிடையாது. மாதம் பிடிக்கிறார்களே என்று வருந்த வேண்டியதில்லை. தங்கையே, கையேட்டில் இரண்டு இடங்களைப் படியுங்கள். பணம் வரத் தொடங்குவதற்கு முன் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. இயலாமை என்று எதை ஏற்கிறார்கள் என்பது இன்னொன்று. பொதுவாக முதல் 24 மாதம் 'தன் சொந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால்' போதும், பிறகு 'எந்த வேலையும் முடியாவிட்டால்' என்று மாறிவிடும். வேலையை விட்டால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். கூடலூர் தம்பி, உனக்குத் தனிப் பாலிசிதான், உடம்பு நன்றாக இருக்கும்போதே எடு.

செண்பகனூர் அக்கா: இன்னொன்று. விழுந்தது தனியார் இடம். ஒன்டாரியோவில் பனியில் வழுக்கி அடிபட்டால் 60 நாளுக்குள் கட்டட உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்தால்தான் பின்னால் இழப்பீடு கேட்க முடியும். நகராட்சி நடைபாதை என்றால் 10 நாள்தான். தேதி, நேரம், விழுந்த இடம் எல்லாம் எழுதி, அங்கே உப்புத் தூவியிருந்தார்களா என்று தெரிகிற மாதிரி படம் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

கட்டபெட்டு மருமகள்: படம் எடுத்துவிட்டேன் அக்கா, உப்பே இல்லை. கிடங்குக்குப் போன் செய்தேன், ஆர்.ஓ.இ. அனுப்பியாகிவிட்டதாம். டாக்டர் சான்று நாளை கிடைக்கும்.