இலவச வாரண்டி முடிய இரண்டு மாதம்தான். பேட்டரி வீக் ஆகிவிட்டது, கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்

திண்டுக்கல் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது பெட்ரோல் கார், 2018 மாடல். கோயம்புத்தூரில் குடியிருந்தபோது 2023 செப்டம்பரில் அங்கே ஒரு கடையில் புது பேட்டரி போட்டோம். 44 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு), மூடி திறக்க முடியாத சீல்டு டைப். அட்டையில் 24+24 என்று சீல் அடித்திருக்கிறார்கள். முதல் 24 மாதத்துக்குள் பழுதானால் இலவசமாக வேறு பேட்டரி, அடுத்த 24 மாதத்தில் புரோ ரேட்டா தள்ளுபடி, அதாவது ஓடின காலத்தைக் கணக்குப் பார்த்துத் தருகிற தள்ளுபடி. இப்போது ஜூலை 2025. கணக்குப் பார்த்தால் இலவசக் காலம் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது.

பிரச்சினை இதுதான். காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது. அந்த நேரம் டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கிப்போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தையை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகக் கிளம்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஜம்ப் கேபிள் போட்டுவிட்டார். போகும் வழி முழுக்க, டோல்கேட்டில்கூட, இன்ஜினை அணைக்காமலே போனேன்.

இங்கே திண்டுக்கல்லில் அதே கம்பெனி டீலரிடம் கொண்டுபோனேன். அரை மணி நேரம் சார்ஜ் போட்டார், மீட்டர் வைத்தார், 12.7 காட்டுகிறது, பேட்டரி மேலே சார்ஜ் காட்டுகிற கண்ணும் பச்சையாக இருக்கிறது, பேட்டரியில் ஒன்றுமில்லை, வண்டியைத் தினமும் ஓட்டுங்கள் என்றார். ஏதாவது இருந்தால் வாங்கின கடைக்கே போங்கள் என்றும் சொல்லிவிட்டார். பள்ளிக்கு நடந்தே போகிறேன், அதனால் வண்டி வாரக் கடைசியில் மட்டும்தான் ஓடும் என்பது உண்மை. ஆனால் முதல் வருடமும் அப்படித்தான் ஓடியது, அப்போது இந்தத் தொல்லை இல்லை.

மறுநாள் காலை நானே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 12.1 வோல்ட். இது சார்ஜ் குறைவா, பேட்டரியே போய்விட்டதா? அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்தால் செப்டம்பர் தாண்டிவிடும். வயதானவரை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க என்னால் முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர் எலக்ட்ரீஷியன்:

தங்கச்சி, நான் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தவன். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. சார்ஜ் இறங்கிய பேட்டரி வேறு, கெட்டுப்போன பேட்டரி வேறு. சார்ஜ் இறங்கினால் கம்பெனி பொறுப்பு இல்லை என்று எல்லா அட்டையிலும் போட்டிருப்பார்கள். கெட்டுப்போயிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். எது என்று தெரிய, முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் அது தெரியாது.

44 ஏ.எச். பேட்டரிக்கு நாலு, நாலரை ஆம்பியரில் பத்து மணி நேரமாவது சார்ஜ் ஏற வேண்டும். சார்ஜரைக் கழற்றினவுடன் மீட்டர் வைத்தால் சாகப்போகிற பேட்டரிகூட 12.7 காட்டும். அது தகட்டின் மேல்பரப்பில் நிற்கிற சார்ஜ், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டு, காலையில் எந்த வயரும் மாட்டாமல் பார்க்க வேண்டும். 12.6க்கு மேல் நின்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12 என்றால் கால்தான். ராத்திரி முழுக்க ஏற்றின பேட்டரி காலையில் 12.2க்கு வந்து நின்றால் அது சார்ஜைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். 10.5 பக்கம் வந்தால் ஒரு செல் போய்விட்டது, பேச்சே இல்லை.

அந்தப் பச்சைக் கண்ணை நம்பாதீர்கள். பேட்டரிக்குள் ஆறு செல் இருக்கிறது. கண் பதித்திருப்பது அதில் ஒன்றில் மட்டும். உள்ளே ஒரு சின்னப் பச்சை உருண்டை, ஆசிட் கெட்டியாக இருந்தால் மிதந்து கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்துச் செல் செத்துக் கிடந்தாலும் இந்தச் செல் நன்றாக இருந்தால் பச்சைதான் காட்டும். மூடி திறக்கிற பழைய பேட்டரியாக இருந்தால் நான் ஹைட்ரோமீட்டர் விட்டு ஒவ்வொரு செல்லாக ஆசிட்டின் அடர்த்தி பார்ப்பேன். ஐந்து செல்லில் 1240 காட்டி ஒன்றில் 1120 காட்டினால் அந்தச் செல் காலி. ஆறும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் வெறும் சார்ஜ் குறைவு. உங்களுடையது சீல்டு என்பதால் அந்த வழி இல்லை, லோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரி ஸ்டிக்கரில் சி.சி.ஏ. என்று ஒரு நம்பர் இருக்கும், குளிரில் வண்டியைக் கிளப்ப எத்தனை ஆம்பியர் தரும் என்பது அது. அதில் பாதி அளவு கரண்டை 15 வினாடி இழுக்கும்போது வோல்ட் 9.6க்குக் கீழே போகக் கூடாது. இப்போது கையடக்க டிஜிட்டல் டெஸ்டரும் வந்துவிட்டது, அது சீட்டே பிரிண்ட் போட்டுக் கொடுக்கும். பேட்டரியில் சார்ஜ் இல்லாமல் டெஸ்டர் வைத்தால் சார்ஜ் செய்து மறுபடி பார் என்றுதான் வரும். அந்தச் சீட்டைக் காட்டி, பேட்டரியில் பழுது இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அதனால் முதலில் முழுச் சார்ஜ், அப்புறம் சீட்டு. சீட்டில் தேதியும் பேட்டரி சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு விஷயம் மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றுகொண்டே இருந்து பேட்டரி மாதக்கணக்கில் அரைச் சார்ஜில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். கம்பெனி ஆள் அதைக் காரணம் காட்டி மறுக்கவும் செய்வார். ஆனால் அதையும் டெஸ்ட் செய்துவிட்டுச் சொல்லட்டும், எழுதிக் கொடுக்கட்டும். வாய் வார்த்தையில் விடாதீர்கள்.

ஈரோடு பேட்டரி டீலர்:

எங்கள் பக்க நியாயத்தையும் சொல்கிறேன் மேடம். நாங்கள் இங்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கம்பெனிக்கு அனுப்புவோம். அவர்கள் சார்ஜ் போட்டுப் பார்த்துப் பழுது இல்லை என்று திருப்பினால் நஷ்டம் டீலர் தலையில். அதனால்தான் பல பேர் தயங்குகிறார்கள். ஆனால் அரை மணி நேரச் சார்ஜில் முடிவு சொன்னது சரியில்லை. பேட்டரியை வாங்கி வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தற்காலிகமாகச் சர்வீஸ் பேட்டரி ஒன்றை மாட்டி அனுப்பியிருக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்வோம். கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

வாரண்டி கொடுப்பது கம்பெனி. கோயம்புத்தூர் பில்லை வைத்துத் திண்டுக்கல்லிலேயே கிளெய்ம் செய்யலாம். வாங்கும்போது கடைக்காரர் சீரியல் நம்பரை உங்கள் மொபைல் நம்பரோடு ஆன்லைனில் பதிந்திருந்தால் அட்டைகூட வேண்டியதில்லை. பதியாமல் விட்டிருந்தால் பில்லும் சீல் அடித்த அட்டையும் இரண்டும் வேண்டும்.

முக்கியமாக, இன்றைக்கே கம்பெனியின் டோல் ஃப்ரீ நம்பரில் புகார் பதிந்து புகார் எண் வாங்கிவிடுங்கள். புகார் பதிந்த தேதிதான் கணக்கு. டெஸ்ட், சார்ஜ் என்று இழுத்தடித்து செப்டம்பர் தாண்டினாலும் உங்கள் புகார் இலவசக் காலத்துக்குள்தான் இருக்கும்.

பேட்டரி பாக்ஸ் உப்பியிருந்தாலோ, டெர்மினல் உடைந்திருந்தாலோ, வண்டிக்கு எழுதியிருக்கிற அளவை விட்டு வேறு அளவு போட்டிருந்தாலோ கிளெய்ம் நிற்காது. சொந்த வண்டி வாரண்டி வாங்கிவிட்டு டாக்ஸி ஓட்டினாலும் நிற்காது. உங்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நெல்லைக்காரன்:

இதற்கெல்லாம் அலைவானேன்? புரோ ரேட்டா வந்தால்தான் என்ன, கொஞ்சம் கையிலிருந்து போட்டுப் புதுசு வாங்கிவிடலாமே. லீவு போட்டுக் கடை கடையாக ஏறுகிற செலவை யார் தருவார்கள்?

கரூர் எலக்ட்ரீஷியன்:

தம்பி, புரோ ரேட்டா எப்படிக் கணக்கு போடுகிறார்கள் என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். தள்ளுபடி எம்.ஆர்.பி. மேல்தான். வெளியே யாரும் பேட்டரியை எம்.ஆர்.பி.க்கு வாங்குவதில்லை. ஒரு பேச்சுக்கு, எம்.ஆர்.பி. 6,500, தள்ளுபடி 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,550 கட்ட வேண்டும், பழைய பேட்டரியையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அதே பேட்டரி கடையில் 5,200க்குக் கிடைத்து, பழசுக்கு 800 கழித்தால் 4,400தான். வாரண்டி இருந்தும் கூடக் கட்டுகிற கதை. 24ஆம் மாதத்துக்கும் 25ஆம் மாதத்துக்கும் நடுவில் ஒரு முழு பேட்டரி விலை நிற்கிறது. சம்பளப் பணத்தில் வாங்கின பொருள், உரிமை இருக்கும்போது ஏன் விட வேண்டும்?

சேலம் கார்த்திகைப்பூ:

அக்கா, கிளெய்முக்குப் போகும் முன்னால் வண்டியில் கோளாறு இல்லை என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் புது பேட்டரியும் இதே கதியாகிவிடும், அப்போது கம்பெனியும் அதையே பிடித்துக்கொள்ளும். எங்கள் வண்டிக்கு டேஷ்கேம் மாட்டின கடையில் வயரை எப்போதும் கரண்ட் இருக்கிற ஃப்யூஸில் சொருகிவிட்டிருந்தார்கள். வண்டியைப் பூட்டினாலும் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கால் ஆம்பியர்தான். ஆனால் ஒரு நாளைக்கு 6 ஏ.எச். போய்விடும், ஒரு வாரம் நின்றால் 44 ஏ.எச். பேட்டரியில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். மெக்கானிக் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டர் போட்டு, வண்டியைப் பூட்டி, வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் தூங்குகிற வரை காத்திருந்து பார்த்தார். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி என்றார். எங்களுக்கு 290 காட்டியது. கேமரா ஃப்யூஸைப் பிடுங்கினதும் விழுந்துவிட்டது.

அப்புறம், வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோ. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8லிருந்து 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டும் 13.5க்குக் கீழே இறங்கினால் பெல்ட்டையோ டைனமோவையோ பாருங்கள்.

திண்டுக்கல் டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன், நடந்ததை எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் புகார் பதிந்து எண் வாங்கினேன். மெக்கானிக் டைனமோ பார்த்தார், ஏ.சி., ஹெட்லைட் போட்டு 14.1. பூட்டின பிறகு இழுப்பது 30 மில்லி ஆம்பியர். ஆக வண்டியில் குறை இல்லை. அதையும் அவர் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

அதே டீலரிடம் போய்ப் புகார் எண்ணைச் சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. சர்வீஸ் பேட்டரி மாட்டி அனுப்பினார். ராத்திரி சார்ஜ் போட்டு ஒரு நாள் ஓய்வில் வைத்துப் பார்த்தபோது 12.25தான் நின்றதாம். டெஸ்டரை என் கண்முன்னாலேயே மறுபடி வைக்கச் சொன்னேன். சிவப்பும் கறுப்புமான இரண்டு கிளிப், சின்னத் திரை, ஸ்டிக்கரில் இருக்கிற சி.சி.ஏ. நம்பர் 360ஐ உள்ளே கொடுத்தார். 190 என்று வந்து, கீழே மாற்றவும் என்று விழுந்தது. அந்தச் சீட்டு இப்போது என் கோப்பில் இருக்கிறது. கம்பெனி ஒப்புதல் வந்து, பணம் எதுவும் வாங்காமல் புது பேட்டரி மாட்டிவிட்டார்கள்.

இரண்டு சந்தேகம். புது அட்டையிலும் வாங்கின தேதி என்று 2023 செப்டம்பரையே எழுதியிருக்கிறார்கள். இது சரியா? இன்னொன்று, மாற்றின பிறகு டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரே தட்டில் மேலே ஏறாமல் பாதியில் நிற்கிறது.

ஈரோடு பேட்டரி டீலர்:

தேதி சரிதான் மேடம். மாற்றிக் கொடுக்கிற பேட்டரிக்குப் புது வாரண்டி கிடையாது, முதல் பில் தேதியிலிருந்து மிச்சம் இருக்கிற காலம்தான் ஓடும். அதாவது இலவசம் இந்த செப்டம்பரோடு முடிகிறது, புரோ ரேட்டா 2027 செப்டம்பர் வரை. பேட்டரி மேலே பொறித்திருக்கிற சீரியல் நம்பரும் புது அட்டை நம்பரும் ஒன்றா என்று மட்டும் ஒத்துப் பாருங்கள், பழைய நம்பரையே எழுதிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. செப்டம்பருக்குள் ஒரு தடவை டெஸ்டர் வைத்தும் பார்த்துவிடுங்கள்.

வருங்காலத்தில் யாராவது மறுத்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கேயும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

கரூர் எலக்ட்ரீஷியன்:

கண்ணாடி பழுதில்லை தங்கச்சி. பேட்டரியைக் கழற்றினதில் அதன் நினைவு போயிருக்கும். இன்ஜின் ஓடும்போது கண்ணாடியை முழுசாக இறக்கி, முழுசாக ஏற்றி, மேலே முட்டின பிறகும் ஸ்விட்சை நாலைந்து வினாடி இழுத்துப் பிடித்திருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும், இல்லையென்றால் வண்டிப் புத்தகத்தில் முறை இருக்கும். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் வத்தலக்குண்டு ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். வீட்டு வாசலிலேயே நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், ஐடிலிங்கில் சார்ஜ் சரியாக ஏறாது.